120-வது வரிக்குப் போ!

பம்மலில் ஒரு நண்பர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன்.

சங்கர் நகரில் வீடு. தெருவின் பெயர் தெரியும். வீட்டு எண் 12 என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். 12 என்று போட்டிருந்த வீட்டின் கதவைத் தட்டினேன். ஒரு பெரியவர் வெளியே வந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

"நீங்கள் தேடுவது பழைய எண் 12. இது புதிய எண் 12. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்கள்" என்றார்.

போனேன். ஒரு கதவில், "புதிய எண் 27, பழைய எண் 12" என்று எழுதியிருந்தது. அதுதான் நண்பர் வீடு!

நண்பர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி காபி போட உள்ளே போனார். கூடத்தில் நண்பரின் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்ஜினீயரிங் கல்லூரியில் படிக்கிற பெண். முகத்தில் கவலை.

"என்னம்மா, ஒரு மாதிரியாக இருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலையில் புரோகிராமைக் காட்ட வேண்டும், மாமா. இன்னும் ஓடமாட்டேன் என்கிறது" என்றாள்.

நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தரவேண்டும் என்று கணக்கு வைக்கும் புரோகிராம் அது. மொத்தம் 1,400 வரி. திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. "வரி 120-ல் பிழை" என்று அதற்கு அர்த்தம்.

அவள் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். சின்னப் பெட்டி ஒன்று தோன்றியது. அதில் 120 என்று அடித்தாள். "என்டர்" விசையைத் தட்டினாள்.

கண் இமைக்கும் நேரம்தான். 120-வது வரி கண் முன்னால் நின்றது!

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான், மாமா. ஆனால் இது இல்லாவிட்டால் நான் தொலைந்தேன்!"

அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

பம்மலுக்கு எண் என்ன?

புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகள். "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று வரி வரியாக எழுதவேண்டும். அதை எழுதவும் திருத்தவும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும் அல்லவா? அதற்கு "எடிட்டர்" என்று பெயர். பத்திரிகை ஆசிரியரையும் எடிட்டர் என்பார்கள். இந்த எடிட்டர் மனிதர் அல்ல. இதுவும் ஒரு புரோகிராம்தான்.

நாவலில் 3 லட்சம் எழுத்து இருக்கலாம். அதை முதலிலிருந்து படித்துக்கொண்டு போவோம். புரோகிராமை யாரும் அப்படிப் படிப்பதில்லை. எந்த இடத்தில் கோளாறோ அந்த இடத்துக்குப் போகவேண்டும். உடனே போகவேண்டும். அதற்கு இடத்தின் விலாசம் தெரிய வேண்டும்.

விலாசத்துக்கு எண்தான் சுருக்குவழி. இது தபால்காரருக்குத் தெரியும். 600075 என்று ஒரு கடிதத்தில் எழுதினால் அது பம்மலுக்கு வந்து சேருகிறது. இந்த 6 இலக்கப் பின்கோடு முறை 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி வகுத்த முறை. அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட! முதல் எண் 6 என்றால் தெற்கு. முதல் மூன்றும் சேர்ந்து 600 என்றால் சென்னை. கடைசி மூன்று எண் எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லும். கடிதம் பிரிக்கிறவர் விலாசம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்து உரிய பையில் போட்டுவிடுவார்.

திருக்குறளிலும் இந்தச் சௌகரியம் உண்டு. 391-வது குறள் என்று சொன்னால் போதும். கல்வி என்ற 40-வது அதிகாரத்தின் முதல் குறளுக்கு நேரே போய்விடலாம். ஓர் அதிகாரத்துக்கு 10 குறள் என்பதால் கணக்கும் எளிது. 1,330 குறளையும் புரட்டவேண்டாம்.

எண் எங்கே எழுதியிருக்கிறது?

"வரிக்கு வரி எண் போட்டு வைத்திருக்கிறாயா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். திரையின் இடது ஓரத்தில் 118, 119, 120 என்று எண்கள் தெரிந்தன.

"நான் போடவில்லை, மாமா. எடிட்டர் எண்ணிப் பார்த்துக் காட்டுகிறது" என்றாள்.

இது எனக்கு வியப்பாக இருந்தது. நமக்குத்தான் அது வரி வரியாகத் தெரிகிறது. கம்ப்யூட்டருக்குள் 1,400 வரியும் சேர்ந்து ஒரே நீளமான எழுத்துச் சரம்! ஒரு வரி முடிகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் இருக்கும். 120-வது வரி எது என்று கேட்டால், எடிட்டர் 119 அடையாளங்களை எண்ணிக் கடந்து போய் நிற்கிறது. அவ்வளவுதான்!

இந்த அடையாளத்தின் பூர்வீகம் டைப்ரைட்டர். தட்டெழுத்துப் பள்ளிக்குப் போனவர்களுக்குத் தெரியும். வரி முடிந்ததும் ஒரு நெம்புகோலைத் தள்ளவேண்டும். உருளை வலது பக்கம் நகரும். காகிதம் ஒரு வரி மேலே ஏறும். இரண்டு காரியம்! அதனால் சில கம்ப்யூட்டர்கள் வரி முடிவுக்கு இன்றைக்கும் இரண்டு அடையாளம் வைக்கின்றன. வேறு சில ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்டன.

திரை இல்லாத காலம்

பம்மல் என்றதும் பழைய நாடக ரசிகர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியார் நினைவுக்கு வருவார். 1873-ல் பிறந்தவர். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். 1954-ல் திரைப்படமாக வந்த "மனோகரா" அவருடைய நாடகம்தான்.

நாடக மேடையில் நடிகர் வசனத்தை மறந்துவிட்டால் என்ன நடக்கும்? திரைக்குப் பின்னால் ஒருவர் வசனப் புத்தகத்தோடு நிற்பார். மறந்த வரியை மட்டும் மெதுவாக எடுத்துக் கொடுப்பார். நடிகரின் கண்ணுக்குப் புத்தகம் தெரியாது. கேட்ட வரி மட்டும் காதுக்கு வரும்.

கம்ப்யூட்டர் எடிட்டர்களும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தன. 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்சன் என்பவர் ஓர் எடிட்டரை எழுதினார். அதன் பெயர் "இ.டி." அந்தக் காலத்தில் பலருக்குத் திரையே கிடையாது. "டெலிடைப்" என்ற தட்டெழுத்து யந்திரம்தான். நாம் அடிப்பதும் காகிதத்தில் விழும். கம்ப்யூட்டர் பதில் சொல்வதும் காகிதத்தில் விழும்.

வேகம்? விநாடிக்கு 10 எழுத்து! வரிக்கு 60 எழுத்து என்று வைத்துக்கொண்டால், நண்பர் மகளின் 1,400 வரியையும் அச்சடித்துப் பார்க்க 2 மணி 20 நிமிடம் ஆகும். யந்திரத்தின் சத்தமோ காதைத் துளைக்கும்.

அதனால் யாரும் முழுவதையும் கேட்கமாட்டார்கள். 120 என்று அடித்து விசையைத் தட்டுவார்கள். 120-வது வரி மட்டும் காகிதத்தில் வந்து விழும். திருத்துவார்கள். அடுத்த எண்ணைக் கேட்பார்கள். நாம் தப்பாக ஏதாவது கேட்டுவிட்டால் அந்த எடிட்டர் ஒரே ஒரு கேள்விக்குறி போடும். "என்ன தப்பு?" என்று கேட்டாலும் விளக்கம் சொல்லாது. அவ்வளவு சிக்கனம்!

64 விநாடி பொறுமை

பிறகு திரை வந்தது. 1976-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். சுமார் 22 வயது வாலிபர். அவர் திரைக்கு ஏற்ற எடிட்டர் ஒன்றை எழுதினார். "வி.ஐ." என்று அதற்குப் பெயர்.

அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. டெலிபோன் கம்பி வழியாகக் கல்லூரிக் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும். விநாடிக்குச் சுமார் 30 எழுத்துதான் வந்து சேரும். திரையில் 24 வரி. வரிக்கு 80 எழுத்து. திரை நிறைய 1,920 எழுத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு திரை நிரம்ப 64 விநாடி!

1,400 வரிப் புரோகிராமை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம் பறந்துவிடும். ஆகவே தேவையான இடத்துக்குக் குதிக்கவேண்டும். வி.ஐ.யில் முக்காற்புள்ளி வைத்து 120 என்று அடித்தால் 120-வது வரிக்குக் குதிக்கலாம். புரோகிராமைத் திறக்கும்போதே "120-வது வரியில் திற" என்றும் சொல்லலாம்.

பில் ஜாய் பின்னால் பெரிய மனிதர் ஆனார். 1982-ல் "சன்" என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கிய நால்வரில் அவர் ஒருவர். நம் நாட்டு வினோத் கோஸ்லா இன்னொருவர்.

நெதர்லாந்து நாட்டுக்காரரான பிராம் மூலனார் 1991-ல் "விம்" என்ற எடிட்டரை வெளியிட்டார். அது வி.ஐ.யின் வாரிசு. அதற்கு அவர் விலை வைக்கவில்லை. "பிடித்திருந்தால் உகாண்டா நாட்டு அநாதைக் குழந்தைகளுக்கு உதவி செய்யுங்கள்" என்று எடிட்டரின் முகப்பிலேயே கேட்டுக்கொண்டார். 2023-ல் அவர் இறந்தார். அவருடைய எடிட்டரைத் திறந்தால் அந்த வேண்டுகோள் இன்றைக்கும் தெரியும்.

புதிய எண், பழைய எண்

காபி வந்தது. நண்பர் மகள் அதைத் தொடவில்லை. 120-வது வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதில் தப்பே இல்லையே!" என்றாள்.

பிறகு இரண்டு வரி மேலே பார்த்தாள். 118-வது வரியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்திருந்தாள். மூடவில்லை. 119-வது வரி வெறும் குறிப்பு. கம்ப்யூட்டர், "இப்போது மூடுவாள், இப்போது மூடுவாள்" என்று படித்துக்கொண்டே வந்திருக்கிறது. 120-ல்தான் அதற்குப் பொறுமை போய்விட்டது!

அடுப்பு ஒரு வீட்டில் எரியும். புகை பக்கத்து வீட்டு ஜன்னலில் தெரியும். அதுபோலத்தான். கம்ப்யூட்டர் சொல்வது புகை தெரிந்த இடத்தின் எண். அங்கே போய்ச் சேர்ந்ததும் சற்று மேலேயும் பார்க்கவேண்டும். புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் இது தெரியாமல் ஒரே வரியை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு அழுகிறார்கள்.

அடைப்புக்குறியை மூடினாள். கூடவே, விட்டுப்போன இரண்டு வரியையும் சேர்த்தாள். உடனே பழைய 120-வது வரி 122 ஆகிவிட்டது! கீழே உள்ள எல்லா வரிகளும் இரண்டிரண்டு எண் நகர்ந்துவிட்டன.

"உங்கள் வீட்டுக் கதவு மாதிரி!" என்றேன். சிரித்துவிட்டாள்.

எண் எழுதி வைத்ததல்ல, எண்ணி வருவது என்று பார்த்தோம் அல்லவா? அதனால் வரும் தொல்லை இது. பிழை உள்ள வரிகள் 20, 75, 140 என்று மூன்று எண்ணைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்கிறீர்கள். முதலில் 20-ஐத் திருத்தி, ஐந்து வரி சேர்க்கிறீர்கள். பிறகு 75-க்குப் போனால் அங்கே வேறு வரி இருக்கும்! அதனால் அனுபவசாலிகள் கீழே இருந்து மேலே திருத்திக்கொண்டு வருவார்கள். 140-ல் எத்தனை வரி சேர்த்தாலும் 75 மாறாது.

ஆனால் முதல் பிழைதான் மற்ற பிழைகளுக்குத் தாய் என்று தோன்றினால், அதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பது மேல். பிறகு வருவது புதிய எண்களாக இருக்கும்.

முன்பு ஒரு கம்ப்யூட்டர் மொழியில் இதற்கு வேறு வழி செய்திருந்தார்கள். 1964-ம் ஆண்டு மே 1-ந் தேதி அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் "பேசிக்" என்ற மொழி ஓடத் தொடங்கியது. ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் உண்டாக்கினார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் மட்டும் அல்ல, எல்லா மாணவர்களும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நாமே எண் எழுதவேண்டும். 1, 2, 3 என்று எழுதுவது வழக்கம் இல்லை. 10, 20, 30 என்று எழுதுவார்கள். நடுவே ஒரு வரி சேர்க்கவேண்டுமா? 15 என்று போட்டு எழுதினால் அது 10-க்கும் 20-க்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். மற்றவர் எண் மாறாது. மனை போடும்போது நடுவில் காலியிடம் விட்டு வைப்பதுபோல! காலியிடமும் நிரம்பிவிட்டால்? மறுபடியும் புதிய எண், பழைய எண் கதைதான்.

ஒரு வரி செய்த வேலை

"ஒரு வரிதானே! அதற்கு இவ்வளவு அமர்க்களமா?" என்று சிலர் நினைக்கலாம். 2014-ம் ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனிக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

ஐபோனில் பாங்க் கணக்கைப் பார்க்கிறோம். போன் முதலில் ஒரு சோதனை செய்யவேண்டும். எதிரே பேசுவது உண்மையான பாங்க்தானா, வேடம் போட்ட திருடனா என்று பார்க்கவேண்டும். அந்தச் சோதனைக்கு ஒரு புரோகிராம். அதில் பல படிகள். ஏதாவது ஒரு படியில் தவறு தெரிந்தால், "தோல்வி என்ற இடத்துக்குத் தாவு" என்று ஒரு கட்டளை.

அந்தத் தாவும் கட்டளை ஓர் இடத்தில் இரண்டு தடவை எழுதப்பட்டுவிட்டது. அடுத்தடுத்து, ஒரே மாதிரி இரண்டு வரி! முதல் வரிக்கு "தவறு தெரிந்தால்" என்ற நிபந்தனை உண்டு. இரண்டாவது வரிக்கு நிபந்தனையே இல்லை. ஆகவே தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் புரோகிராம் அங்கிருந்து தாவிவிட்டது. மீதிப் படிகள் நடக்கவே இல்லை. அதுவரை தவறு எதுவும் தெரியாததால், "சோதனையில் தேறியது" என்று முடிவும் சொல்லிவிட்டது!

வாசலில் காவல்காரர் இருக்கிறார். வந்தவரின் பெயரைக் கேட்டார். அடையாளச் சீட்டைப் பார்க்காமலே, "உள்ளே போகலாம்" என்றார். அந்தக் கதைதான்.

சுமார் ஒன்றரை ஆண்டு காலம் அந்த வரி அங்கேயே இருந்தது. கம்ப்யூட்டர் "பிழை" என்று சொல்லவில்லை. ஏன் என்றால் இலக்கணப்படி அந்த வரியில் தவறு இல்லை. அதனால் எந்த எண்ணும் சிவப்பு எழுத்தில் வரவில்லை. கண்டுபிடித்த பிறகு மருந்து எளிது. அந்த எண்ணுள்ள வரிக்குப் போ. ஒரு வரியை அழி. கோடிக்கணக்கான போன் வைத்திருந்தவர்கள் புதிய புரோகிராமை இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கண்ணை மூடிப் பார்த்தேன்

எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது.

"கண் தெரியாதவர்கள் இந்த வேலையைச் செய்ய முடியுமா அம்மா?" என்று கேட்டேன்.

"செய்கிறார்களே! நீங்களே பாருங்கள்" என்று சொல்லி ஏதோ விசைகளைத் தட்டினாள். விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே, திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் குரல் ஒன்று இருக்கிறது. அது பேச ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கீழே இறங்கும் விசையை ஒரு தடவை தட்டினால் ஒரு வரியைப் படிக்கும். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி... 14-வது வரிக்குள் எனக்குத் தலை சுற்றியது. எங்கே இருக்கிறேன்? எத்தனை வரி கடந்தேன்? ஒன்றும் தெரியவில்லை. கண் உள்ளவன் திரையில் ஒரு பார்வை பார்த்தால் 30, 40 வரியை அளந்துவிடுகிறான். காதுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு வரிதான்.

ஒரு வரிக்கு 3 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 120-வது வரிக்குப் போக 6 நிமிடம். 1,400 வரியையும் கேட்க 70 நிமிடம். பழகியவர்கள் குரலை மிக வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறார்கள். இருந்தாலும் ஒவ்வொரு பிழைக்கும் முதலிலிருந்து நடக்க முடியுமா?

"இப்போது எண்ணைப் போடுங்கள், மாமா" என்று என் விரலைப் பிடித்து விசைகளின்மேல் வைத்தாள். 120 என்று அடித்தேன். "என்டர்" தட்டினேன். குரல் அந்த வரியைப் படித்தது. கண் உள்ள பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, கண்ணை மூடிய எனக்கும் அவ்வளவு நேரம்தான்!

பேசும் எடிட்டர் செய்தவர்

கண் பார்வை இல்லாமலே ஓர் எடிட்டரைப் பேச வைத்தவர் நம் நாட்டில் பிறந்தவர். பெயர் டி.வி. ராமன். 1965-ல் புனேயில் பிறந்தார். சிறு வயதில் இடது கண் மட்டும் தெரிந்தது. "கிளாகோமா" என்ற கண் அழுத்த நோயால் 14 வயதில் அதுவும் போய்விட்டது.

பம்மலில் சங்கரா கண் ஆஸ்பத்திரி இருப்பதால் இந்த வட்டாரத்தில் பலருக்கு இந்த நோயின் பெயர் தெரிந்திருக்கும். இந்த நோயால் போன பார்வை திரும்பாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மிச்சம் உள்ள பார்வையைக் காப்பாற்றலாம். வீட்டில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர்களும் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

ராமனுக்கு அண்ணன் தம்பி உறவும் ஆசிரியர்களும் பாடப் புத்தகங்களைப் படித்துக் காட்டினார்கள். காதால் கேட்டே கணிதம் படித்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் படித்தார். அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்தில் 1994-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கணிதச் சூத்திரங்களைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி படிக்க வைப்பது எப்படி என்பதுதான் அவர் ஆராய்ச்சி.

"ஈமாக்ஸ்" என்று ஓர் எடிட்டர் உண்டு. 1976-ல் எம்.ஐ.டி.யில் பிறந்தது. எம்.ஐ.டி. என்றதும் பம்மலுக்குப் பக்கத்தில் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. என்று நினைத்துவிடாதீர்கள்! அது 1949-ல் சி. ராஜம் தொடங்கியது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். ஈமாக்ஸ் பிறந்தது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில்.

அந்த ஈமாக்ஸுக்கு ராமன் குரல் கொடுத்தார். 1995-ல் "ஈமாக்ஸ்பீக்" வெளிவந்தது. இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

திரையில் உள்ளதை அப்படியே ஒப்பிக்கும் கருவிகள் முன்பே இருந்தன. ராமன் செய்தது வேறு. எடிட்டருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும் அல்லவா? அதையே பேச வைத்தார். கட்டளை ஒரு குரலில் கேட்கும். குறிப்பு வரி வேறு குரலில் கேட்கும். எண் சொல்லி ஒரு வரிக்குத் தாவினால், போய்ச் சேர்ந்த வரியை உடனே படிக்கும். "அடுத்த பிழைக்குப் போ" என்றால் எண்ணைக்கூட அடிக்கவேண்டாம். பிழை உள்ள வரிக்கு அதுவே தாவி, படித்துக் காட்டும். 1999-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் பொருட்காட்சிச் சாலை, தன் ஆராய்ச்சித் தொகுப்பில் ஈமாக்ஸ்பீக்குக்கு இடம் கொடுத்தது.

2005-ல் ராமன் கூகுள் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு தொடு திரைப் போன்கள் வந்தன. வழுவழுப்பான கண்ணாடி. விசையே இல்லை. கண் தெரியாதவர் எண்ணை எப்படி அழுத்துவார்? ராமனும் அவரோடு வேலை பார்த்தவர்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். விரல் முதலில் எங்கே படுகிறதோ அந்த இடம் 5! அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2. கீழே நகர்த்தினால் 8. எண்களைத் தேடி விரல் போகவேண்டாம். விரல் இருக்கும் இடத்துக்கு எண்கள் வரும்!

எடிட்டர்களிலும் இதே தந்திரம் உண்டு. விம் எடிட்டரில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டால், நிற்கிற வரிக்கு மேலேயும் கீழேயும் 1, 2, 3 என்று எண் காட்டும். "இங்கிருந்து ஐந்து வரி கீழே போ" என்று சொல்லலாம். பம்மலில் வழி கேட்டால் நமக்கு அப்படித்தானே சொல்கிறார்கள்?

இப்போது விண்டோஸ் கம்ப்யூட்டரில் திரையைப் படித்துக் காட்ட, "என்.வி.டி.ஏ." என்ற இலவசப் புரோகிராம் கிடைக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற வாலிபர் தொடங்கியது. அது தமிழிலும் பேசும். பம்மலுக்கு வடமேற்கே பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே படிக்கிற ஒரு பெண், நண்பர் மகள் எழுதியதைப் போல 1,400 வரி எழுத நினைத்தால், அதற்கு வேண்டிய கருவிகளுக்கு விலை ஒரு காசும் இல்லை. கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாள் விசைகளைத் தொட்டுக் காட்ட ஒருவர் வேண்டும்.

நண்பர் கடையிலிருந்து திரும்பி வந்தார். "வீடு சுலபமாகக் கிடைத்ததா?" என்று கேட்டார். நான் அவர் மகளைப் பார்த்தேன். அவள் எங்களைக் கவனிக்கவில்லை. திருத்திய புரோகிராமை மறுபடி ஓட்டினாள். திரையின் அடியில் மறுபடியும் சிவப்பு எழுத்து.

"வரி 903" என்று வந்திருந்தது.

"காபி ஆறுகிறது, குடித்துவிட்டு உட்காரேன்!" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"இதோ அம்மா!" என்று சொல்லிக்கொண்டே சின்னப் பெட்டியைத் திறந்து 903 என்று அடித்தாள்.